இலை தழைக்கிறது, மொட்டு எங்கே? – குண்டுமல்லி கேள்வி பதில்

கார்த்திகை வந்துவிட்டது, மல்லிகைக்குக் கத்தரி எடுக்கும் நேரம். அதனால் வந்த கடிதங்களில் குண்டுமல்லி பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மூன்று வருஷமாக மொட்டை மாடியில் தொட்டியில் குண்டுமல்லி வைத்திருக்கிறேன். இலை பச்சைப் பசேலென்று இருக்கிறது. கொடி கிரில் கம்பியைத் தாண்டி வளர்ந்துவிட்டது. ஆனால் வருஷத்துக்குப் பத்து பூகூட வருவதில்லை. பக்கத்துக் கட்டட நிழலால் காலை பத்து மணிக்கு மேல் வெயில் இல்லை. வாரம் ஒரு ஸ்பூன் யூரியா போடுகிறேன். என்ன குறை?
– வாசகி, தாம்பரம்

குறை எதுவும் வைக்கவில்லை, கவனிப்புதான் கூடிவிட்டது. குண்டுமல்லி பழைய கொடியில் பூக்காது. புதிதாகத் துளிர்த்து வரும் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பெரும்பாலும் மூன்று மூன்றாக வைத்து, நடு மொட்டு முதலில் விரியும். ஆகவே எத்தனை புதுத் துளிர் வருகிறதோ அத்தனை கொத்துப் பூ. நீங்கள் வெட்டாமல் விட்டதால் உங்கள் செடிக்கு நான்கைந்து நுனிகள்தான் இருக்கும். அவையும் வெயிலைத் தேடி நீண்டுகொண்டே போகின்றன.

முதலில் வெயில். குண்டுமல்லிக்குக் குறைந்தது ஆறு மணி நேர நேர் வெயில் வேண்டும். மாடியில் தெற்கு அல்லது மேற்குப் பக்கம் இடம் இருந்தால் தொட்டியை அங்கே நகர்த்துங்கள். மற்ற எதைச் செய்தாலும் இதைச் செய்யாவிட்டால் பலன் பாதிதான். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நான்கு விரல் அகலத்துக்கு மேல் இருந்தால், செடி நிழலில் தவிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, யூரியாவை இன்றே நிறுத்துங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும் கொடுத்தால் செடி இலையைத்தான் பெருக்கும். வாரம் ஒரு ஸ்பூன் என்பது தொட்டிச் செடிக்கு மிக அதிகம். வேர் நுனி கருகி, மண்ணில் உப்பும் சேர்ந்திருக்கும். தொட்டியின் அடித்துளை வழியாக நன்றாக ஓடும்படி இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை தண்ணீர் ஊற்றி மண்ணை அலசிவிடுங்கள். அதன்பின் ஒன்றரை மாதத்துக்கு எந்த உரமும் வேண்டாம்.

மூன்றாவது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. அது அடுத்த பதிலில்.

நடுமுற்றத்தில் எட்டு வருஷத்துச் செடி. அடியில் விறகு மாதிரிக் கட்டையாகிவிட்டது. கவாத்து செய்யலாம் என்றால், "இவ்வளவு பெரிய செடியை வெட்டினால் பட்டுப்போய்விடும்" என்று மாமியார் தடுக்கிறார். எந்த உயரத்தில் வெட்ட வேண்டும்? என்றைக்கு?
– வாசகி, திண்டுக்கல்

மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம், பட்டுப்போகாது. பூ விவசாயிகள் இதே செடியை ஆண்டுதோறும் வெட்டித்தான் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வரை பூ எடுக்கிறார்கள்.

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம் பொருத்தமான நேரம். உங்கள் ஊரில் அப்போது மழை பிடித்துக்கொண்டிருந்தால் டிசம்பர் நடுப்பகுதிவரை தள்ளிப்போடுங்கள். ஈரத்தில் வெட்டிய வாய் வழியாகப் பூசணம் இறங்கும். வெட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இலை கொஞ்சம் வாடி, கீழிலைகள் பழுத்து உதிர ஆரம்பிக்கும். அதைப் பார்த்துப் பயந்து குடத்தைத் தூக்காதீர்கள். செடி ஓய்வுக்குப் போகிறது. ஓய்வு எடுத்த செடிதான் ஒரே சமயத்தில் எல்லாக் கணுவிலும் துளிர் விடும்.

தரையில் இருக்கும் செடியைத் தரைமட்டத்திலிருந்து 50 செ.மீ. உயரத்தில், அதாவது ஒன்றே முக்கால் அடிக்குக் கொஞ்சம் கீழே, எல்லாக் கிளைகளையும் ஒரே சீராக வெட்டுங்கள். தொட்டிச் செடிக்கு மண்மட்டத்திலிருந்து 30 செ.மீ. போதும். கத்தரி கூராக இருக்கட்டும். மொண்ணைக் கத்தரி தண்டை நசுக்கும், நசுங்கிய இடம் கீழ்நோக்கிக் காயும். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். பிறகு காய்ந்த குச்சிகள், ஒன்றோடொன்று உரசும் கிளைகள், பென்சிலைவிட மெலிந்த உள்கிளைகள் ஆகியவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். மிச்சம் ஒட்டியிருக்கும் இலைகளையும் உருவிவிடலாம். அதில்தான் சிலந்திப்பேனும் இலைப்புள்ளிப் பூசணமும் அடுத்த பருவத்துக்காகக் காத்திருக்கும்.

உங்களுடையது எட்டு வருஷக் கட்டை என்பதால் இன்னொரு வேலை உண்டு. அடியிலிருந்து வரும் தண்டுகளில் மிகப் பழையதாக, பட்டை வெடித்திருக்கும் இரண்டைத் தரையோடு அறுத்து எடுங்கள். அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு. இப்படி மூன்று ஆண்டில் முழுச்செடியும் புதுத் தண்டாக மாறிவிடும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தரையோடு அறுத்தால் மாமியார் சொன்னது நடந்துவிடக்கூடும்! கட்டைவிரல் பருமனுக்கு மேல் இருக்கும் வெட்டு வாய்களில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்புப் பூசணக்கொல்லியைத் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள்.

வெட்டி முடித்ததும் தண்டிலிருந்து ஓரடி தள்ளி, சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண்ணைக் கொத்தி, 10 கிலோ மக்கிய தொழு உரம், கால் கிலோ வேப்பம்பிண்ணாக்கு போட்டு மூடி, நிறையத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் துளிர் தெரியும். பிப்ரவரிக் கடைசி, மார்ச்சில் மொட்டு. ஏப்ரல், மே மாதங்களில் கூடை எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

கவாத்து ஆண்டுக்கு ஒருமுறைதான். ஆனால் ஒவ்வொரு சுற்றுப் பூ முடிந்ததும், பூத்து முடிந்த நுனிகளை இரண்டு கணு கீழே கிள்ளிவிட்டால் அந்த இடத்தில் இரண்டு துளிர் வரும். வெயில் காலத்தில் ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதத்துக்குள் அதில் அடுத்த மொட்டு. இதைச் செய்யும் வீட்டுக்கும் செய்யாத வீட்டுக்கும் பூவில் பெரிய வித்தியாசம் தெரியும்.

பக்கத்தில் பிச்சி, முல்லை இருந்தால் அவற்றையும் இதே நாளில் வெட்டிவிட வேண்டாம். பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம்.

எங்கள் வளவில் நிற்கும் மல்லிகையில் புது இலைகள் மஞ்சளாக வருகின்றன. நரம்பு மட்டும் பச்சை. பழைய இலைகள் நன்றாகவே இருக்கின்றன. கிணற்றுத் தண்ணீர்தான் இறைக்கிறோம். இரும்பு ஆணிகளை வேரடியில் புதைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஆணியால் பயன் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக் கல். கிணற்று நீரிலும் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. அந்தத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் இறைக்கும்போது மண்ணின் காரத்தன்மை ஏறுகிறது. மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்க முடியாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. இன்னும் இரும்பைப் புதைத்தால் அதுவும் அதே கதிதான். தமிழ்நாட்டில் உப்பான ஆழ்துளைக் கிணற்று நீர் பாய்ச்சும் வீடுகளிலும் இதே மஞ்சள் வரும்.

புது இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்புக் குறை. பழைய இலை முழுவதும் வெளுத்தால் தழைச்சத்துக் குறை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் தேவையில்லாமல் யூரியா போடுவது மிச்சம்.

உடனடி வைத்தியம்: ஒரு லிட்டர் மழைநீரில் அல்லது குடிநீரில் அரை எலுமிச்சையைப் பிழிந்து, 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் இருபுறமும் படும்படி தெளியுங்கள். கரைசல் இளம்பச்சையாக இருக்க வேண்டும். துருநிறமாக மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள், அது வேலை செய்யாது. பத்து நாள் இடைவெளியில் மூன்று தரம் தெளித்தால் அடுத்து வரும் துளிர்கள் பச்சையாக வரும். ஏற்கெனவே மஞ்சளான இலை முழுதாகத் தேறாவிட்டால் கவலை வேண்டாம். சுவரிலும் சிமெந்துத் தரையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறை போகவே போகாது.

மண்ணில் இடுவதற்குக் கடையில் கீலேட் இரும்பு (வேர் எடுக்கும் வடிவிலேயே கட்டி வைத்த இரும்பு) கேட்டால் 'இ.டி.டி.ஏ' (EDTA) வகையைத் தருவார்கள். சுண்ணாம்பு மண்ணில் அது நிற்காது. இலையில் தெளிக்க மட்டும் ஏற்றது. மண்ணுக்கு 'இ.டி.டி.ஹெச்.ஏ' (EDDHA) என்று பார்த்து வாங்குங்கள். நீண்ட காலத்துக்கு, மாரி மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவதும், ஆண்டுக்கு இருமுறை மக்கிய எருவும் இலைகுழைகளும் போட்டு மூடுவதும்தான் வழி. முட்டை ஓட்டை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சுண்ணாம்பு அங்கே ஏற்கெனவே அதிகம்.

மொட்டுகள் ஊதா நிறமாகி, விரியாமலே உதிர்கின்றன. பக்கத்தில் இருக்கும் பிச்சி மொட்டும் இளஞ்சிவப்பாக இருக்கிறது. நோய் பரவிவிட்டதா?
– வாசகர், சத்தியமங்கலம்

பிச்சியை விட்டுவிடுங்கள். அதன் மொட்டுக்கு இயல்பிலேயே வெளிப்புறம் இளஞ்சிவப்புத்தான்.

குண்டுமல்லி மொட்டு ஊதாவாவது பூச்சியால். பத்து மொட்டைக் கிள்ளி, பிளந்து பாருங்கள். மொட்டின் பக்கவாட்டில் ஊசித்துளை, உள்ளே பச்சை கலந்த வெண்ணிறப் புழு, கொத்தைச் சேர்த்துக் கட்டிய நூலாம்படை இருந்தால் மொட்டுப்புழு. துளை எதுவும் இல்லாமல், மொட்டின் அடிப்பகுதி மட்டும் வீங்கி, உள்ளே கண்ணுக்கு எட்டியும் எட்டாததுமாகச் சிறு புழுக்கள் நெளிந்தால் மொட்டு ஈ. இரண்டும் ஒரே செடியில் இருப்பதும் உண்டு.

மொட்டு ஈயின் புழு கீழே விழுந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். அதனால் செடிக்கு மட்டும் மருந்து அடித்துக்கொண்டிருந்தால் ஓயாது. உதிர்ந்த மொட்டுகளைத் தினமும் பொறுக்கி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடக்கூடாது. செடியைச் சுற்றி இரண்டு அங்குல ஆழத்துக்கு மண்ணைக் கிளறி வெயில் படவிட்டு, செடிக்குக் கால் கிலோ வேப்பம்பிண்ணாக்குத் தூவுங்கள்.

தெளிப்புக்கு வேப்பங்கொட்டைச் சாறு. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவிட்டு, காலையில் பால்போல வரும்வரை பிழிந்து வடிகட்டுங்கள். அதில் காதி சோப்புக் கரைசல் சிறிது சேர்த்து, அன்று மாலையே தெளித்துத் தீர்த்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் வீரியம் போய்விடும். மொட்டு கடுகளவில் தெரியும்போதே ஆரம்பித்து வாரம் ஒருமுறை. மொட்டு ஊதாவான பிறகு அடிப்பதில் அந்தச் சுற்றுக்குப் பயன் எதுவும் இல்லை. புழு மட்டும்தான் என்று உறுதியானால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (புழுவைக் கொல்லும் பாக்டீரியா) தூள் லிட்டருக்கு 2 கிராம் நன்றாகக் கேட்கும். தலையில் சூடும், சாமிக்குச் சாத்தும் பூ என்பதால் வீட்டுச் செடிக்குக் கடும் பூச்சிக்கொல்லிகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

உரம் எவ்வளவு போடுவது என்று கிராம் கணக்கில் சொல்லுங்கள். "தேவையான அளவு" என்று எழுதிவிடாதீர்கள்.
– வாசகர், ராசிபுரம்

சரி, கணக்காகவே. தரையில் நன்கு வளர்ந்த ஒரு குண்டுமல்லிச் செடிக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 60, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 120 கிராம் என்பது பரிந்துரை. கடைச்சரக்காக மாற்றினால் யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம். இதைச் சரிபாதியாக்கி, கவாத்து முடிந்ததும் ஒரு பாதி, ஜூன்–ஜூலையில் மறுபாதி. தழையைப் போல மணியும் சாம்பலும் இருமடங்கு இருப்பதைக் கவனியுங்கள். பூச்செடிக்கான கணக்கு அது.

தொட்டிக்கு இந்த அளவு ஆகாது, செடி கருகிவிடும். 15 அங்குலத் தொட்டி என்றால் மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரமும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மேசைக்கரண்டி எலும்புத்தூளும் போதும். மொட்டுப் பருவத்தில், 50 கிராம் கடலைப்பிண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை லிட்டர் ஊற்றலாம். பஞ்சகவ்யா வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு 30 மி.லி. கலந்து இலையில் தெளிக்கலாம். காய்ந்த மண்ணில் எந்த உரமும் வேண்டாம்; முதல் நாள் நனைத்துவிட்டு மறுநாள் போடுங்கள்.

பதியன் போடுவதா, குச்சி நடுவதா? எது சுலபம்?
– வாசகி, சிவகாசி

ஒன்றிரண்டு செடி வேண்டுமென்றால் பதியன். தரையோடு படர்ந்த கொடியில் ஒரு கணுவுக்குக் கீழ் பாதி ஆழம் சாய்வாகக் கீறி, கீறலில் ஒரு சிறு கல்லைச் செருகி, நான்கு அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே செங்கல் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு மாதத்தில் பிரித்தெடுக்கலாம்.

நிறைய வேண்டுமென்றால் குச்சி. கவாத்தில் வெட்டியதையே பயன்படுத்தலாம். பச்சைத் தளிரும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில், பென்சில் பருமன், 15 முதல் 20 செ.மீ. நீளம், மூன்று நான்கு கணு. அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும் மேலே நேராகவும் வெட்டினால் தலைகீழாக நட்டுவிட மாட்டீர்கள். வேர் ஊக்கித் தூளில் தோய்த்து, ஆற்று மணலும் மக்கிய தென்னைநார்க் கழிவும் சமமாகக் கலந்த பையில் இரண்டு கணு புதையும்படி நட்டு, நிழலில் வையுங்கள். பையைப் பெரிய கண்ணாடித் தாளால் மூடி ஈரப்பதத்தைக் காத்தால் தேறும் விகிதம் கூடும். துளிர் வந்ததும் இழுத்துப் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். தண்டில் இருக்கும் சத்தில் துளிர் முதலில் வரும், வேர் பிறகுதான் வரும். மூன்று மாதம் கழித்தே இடம் மாற்றலாம். ஒரு கன அடிக் குழி, செடிக்குச் செடி நாலேகால் அடி.

சித்திரை வெயிலில் இலையெல்லாம் புள்ளி புள்ளியாக வெளுத்து, அடியில் மெல்லிய வலை பின்னியிருக்கிறது. தண்ணீர் ஊற்றியும் தெளியவில்லை.
– வாசகர், வேலூர்

செஞ்சிலந்திப்பேன். வறண்ட வெப்பத்தில்தான் பெருகும். மூன்று நாள் தொடர்ந்து காலையில் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம், மாலையில். வெப்பம் 35 டிகிரிக்கு மேல் இருக்கும் நேரத்தில் கந்தகம் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழித்தே கந்தகத்தைத் தொட வேண்டும்.

இலையில் வலைக்குப் பதிலாக வெல்வெட் போன்ற வெள்ளைப் படலம் படர்ந்திருந்தால் அது வேறொரு சிலந்திப்பேன். அந்தக் கிளையை வெட்டி எரித்துவிட்டு, பிறகு இதே கந்தகம்.

மழை விட்ட நாலாம் நாள் நல்ல செடி திடீரென்று தொங்கிவிட்டது. மண்ணில் ஈரம் இருக்கிறது. தண்டின் அடியில் வெள்ளைப் பூசணம்.
– வாசகர், சிதம்பரம்

மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேர் அழுகுகிறது என்று பொருள். தண்டின் அடியைச் சுற்றிக் கடுகு மாதிரி உருண்டைகள் தெரிகின்றனவா பாருங்கள். தெரிந்தால் ஸ்கிலரோசியம் என்ற பூசணம். முழுச்செடியும் தொங்கிவிட்டால் காப்பாற்றுவது கடினம். வேரோடு பிடுங்கி, சுற்று மண்ணையும் அள்ளி அகற்றிவிடுங்கள். பாதிச் செடி நிமிர்ந்திருந்தால் தேங்கிய நீரை வடித்து, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கரைத்து வேர் நனைய இரண்டு லிட்டர் ஊற்றுங்கள். பக்கத்துச் செடிகளுக்கும் ஊற்ற வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, 50 கிராம் டிரைக்கோடெர்மாவை (நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணம்) 5 கிலோ தொழு உரத்தில் கலந்து நிழலில் ஒரு வாரம் ஈரமாக வைத்திருந்து, வேரடியில் இடுங்கள். செம்பு மருந்தையும் இதையும் ஒரே சமயத்தில் போடுபவர்கள் இருக்கிறார்கள். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூசணம்தானே, செம்பு அதையும் கொன்றுவிடும்.

"மதுரை மல்லி" என்று சொல்லி வாங்கிய செடியில் பூ வருகிறது, வாசம் இல்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, கோயம்புத்தூர்

'மதுரை மல்லி' என்ற பெயரில் 2013-ல் புவிசார் குறியீடு (ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு) பெற்றது, மதுரையும் சுற்று மாவட்டங்களும் விளைவிக்கும் பூ. அங்கே நடப்படும் பதியன்களோ பெரும்பாலும் ராமநாதபுரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து போகும் ராமநாதபுரம் குண்டுமல்லி. அதே கன்று உங்களிடமும் இருக்கலாம். ஆனால் மண்ணும் வெயிலும் உங்கள் ஊருடையவை, வாசம் அதனால் மாறலாம்.

அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். காலையில் பறித்த மூடிய மொட்டில் வாசம் தேடினால் கிடைக்காது. அன்று அந்தி சாய்ந்து விரியும்போதுதான் மணக்கும். மொட்டு முழு வளர்ச்சியடைந்து, பச்சை மறைந்து வெள்ளையாகத் திரண்ட பிறகே, விடிவதற்கு முன்போ விடிந்த கையோடோ பறிக்க வேண்டும். பச்சை கலந்த மொட்டைப் பறித்தால் விரியவும் விரியாது, மணக்கவும் மணக்காது. பனியீரத்தோடு டப்பாவில் போட்டால் பழுப்பேறும். துணியில் பரப்பி ஈரம் உலர்ந்த பிறகு மூடுங்கள்.

டொரொண்டோவில் குளிர்காலத்தைத் தாண்டுமா?
– வாசகி, கனடா

வீட்டுக்குள் தாண்டும். இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கும் முன் தொட்டியை உள்ளே எடுத்து, தெற்குப் பார்த்த ஜன்னலோரம் வையுங்கள். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர், உரம் வேண்டாம். ஹீட்டர் காற்றில் சிலந்திப்பேன் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷவரில் இலைகளைக் கழுவுங்கள். உங்களுக்குக் கவாத்து நவம்பரில் வேண்டாம். வெளிச்சம் குறைந்த மாதங்களில் வரும் துளிர் நோஞ்சானாக இருக்கும். பிப்ரவரிக் கடைசி, மார்ச் தொடக்கத்தில் வெட்டுங்கள். மே கடைசிக்குப் பிறகு, முதல் வாரம் நிழலில் பழக்கி, பின் வெயிலுக்குக் கொண்டுபோகலாம்.

மார்கழியில் கோலத்துக்கும் கோவிலுக்கும் பூ வேண்டும். விலையோ எட்டவில்லை. வீட்டுச் செடியை அப்போது பூக்க வைக்க வழி உண்டா?
– வாசகி, மதுரை

குளிரில் குண்டுமல்லி ஓய்வெடுக்கும். மார்கழி விலை ஏறுவதே அதனால்தான். ஒரு செடியை மட்டும் செப்டம்பரில் வெட்டி, உரமிட்டு, நல்ல வெயிலில் வைத்தால் கொஞ்சம் பூ கிடைக்கலாம். அந்தச் செடியைக் கார்த்திகையில் மறுபடி வெட்டக்கூடாது. எல்லாச் செடியையும் இப்படிச் செய்து கோடைப் பூவைக் கெடுத்துக்கொள்வதை நாங்கள் ஆதரிக்கவில்லை. இடம் இருந்தால், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ.1 என்று வெளியிட்ட நட்சத்திர மல்லிகை ஒன்று வாங்கி வையுங்கள். வாசம் மிதமாகத்தான் இருக்கும், ஆனால் ஆண்டு முழுக்கப் பூக்கும். கூடவே வேலியோரம் இரண்டு டிசம்பர் பூச்செடி இருந்தால் மார்கழிக்கு நிறமும் கிடைத்துவிடும்.